சங்கம் யாருக்குப் பதில் சொல்லும்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் ஒன்றியத்தில் இன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியர், மாத ஊதியம் தவறாமல் வங்கிக் கணக்கில் வந்து சேர்வதையும், கலந்தாய்வு என்ற முறைப்படியன்றித் தம்மை எளிதில் இடம் மாற்ற இயலாது என்பதையும், என்றும் நிலைத்திருந்த ஓர் ஒழுங்கைப் போலவே எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அவருடைய ஆசிரியருக்கு ஆசிரியராக இருந்தவர், இதே செம்மண் பூமியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இவ்விரண்டும் அவருக்குக் கிட்டாதனவாகவே இருந்தன. 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டித் தமிழகமெங்கும் ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது, அதுவரை ஜில்லா போர்டுகளின் நிர்வாகத்திலிருந்த ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் வசம் வந்தன. ஆசிரியரின் ஊதியமும் இடமாற்றமும் ஒன்றியப் பெருந்தலைவரின் அலுவலகத்தைச் சுற்றி அமைந்தன. தேர்தலில் யாருக்கு அனுகூலமாக இருந்தார், ஊரில் எந்தக் கட்சிக்காரரின் திண்ணையில் அமர்ந்து பேசினார் என்பனவெல்லாம் அவருடைய அடுத்த பள்ளிக்கூடம் எது என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களாயின. இந்த நிராதரவான நிலையிலிருந்துதான் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் சங்கங்கள் வலுப் பெற்றன. மாலையில் பள்ளி விட்ட பிறகு சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று, சந்தாவுக்கு ரசீது எழுதிக் கொடுத்து, அங்கத்தினர் சேர்த்த அந்தத் தலைமுறையின் உழைப்பு, 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், ஒன்றிய ஆசிரியர்கள் அனைவரும் அரசு ஊழியராக ஏற்கப்பட்டபோது பலன் கண்டது.

இந்தப் பூர்வ கதையை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியர் சங்கங்களின் தலைமையைப் பற்றி இன்று விமர்சனம் செய்ய முற்படுகிறவர்களில் ஒரு பகுதியினர், சங்கமே வேண்டாத சுமை என்ற அபிப்பிராயத்தை உள்ளத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். எமது கருத்து அதற்கு நேர்மாறானது. சங்கம் இல்லாத ஆசிரியன் எப்படியிருந்தான் என்பதை, ரிஷிவந்தியம் அடங்கிய அன்றைய தென்னாற்காட்டின் கிராமங்கள் நன்கு அறியும். அவ்வளவு அருமையாகக் கட்டப்பட்ட ஒரு ஸ்தாபனம், தன் அங்கத்தினருக்குக் கணக்குச் சொல்லும் கடமையை மெல்ல மெல்ல மறந்துவருகிறது என்ற கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தலைமையின் முடிவுக்கு அங்கத்தினர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழகம் கண்கூடாகக் கண்டது. ஓய்வூதியச் சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் அந்த மாதம் 2-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தை, ஜெயலலிதா அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி, இரண்டே நாட்களில் எதிர்கொண்டது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர், விளக்கம் கேட்கப்படாமலே வேலையிழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில், ஆகஸ்ட் 6-ஆம் தேதி, நீதிபதிகள் எம்.பி. ஷாவும் ஏ.ஆர். லட்சுமணனும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரி, 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 22-ஆம் விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பதாக உறுதிமொழி கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்; எஞ்சிய சுமார் 6,000 பேரின் விஷயம் ஓய்வு பெற்ற நீதிபதிகள் மூவரின் பரிசீலனைக்கு விடப்பட்டது. அந்த மன்னிப்புக் கடிதத்தை எந்தச் சங்கமும் தன் முத்திரையிட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் ஆசிரியரும், ஒவ்வோர் எழுத்தரும், தத்தம் பெயரில் தனித்தனியாகக் கையொப்பமிட்டார்கள். கூட்டாக எடுக்கப்பட்ட முடிவின் தண்டனை தனித்தனியாகவே வந்து சேர்ந்தது.

அதே ஆகஸ்ட் 6-ஆம் நாளிட்ட மற்றோர் ஆவணமும் உண்டு. 2003 ஏப்ரல் முதல் நாளன்றோ அதற்குப் பின்னோ பணியில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று விதித்த நிதித்துறையின் 259-ஆம் எண் அரசாணை அது. அந்த அரசாணையால் பாதிக்கப்படப் போகிறவர்களில் பெரும்பாலோர் அன்று கல்லூரியிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் மாணவராக இருந்தார்கள். எந்தச் சங்கத்திலும் அவர்கள் அங்கத்தினரல்லர். எந்தப் பொதுக்குழுவிலும் அவர்களுக்கு வாக்கில்லை. இருப்பவருக்கு உள்ளதைக் காப்பாற்றிவிட்டு, வரப்போகிறவர் பங்கில் கைவைக்க இடம் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை அரசு அன்றே கண்டுகொண்டது.

2009-ஆம் ஆண்டு அது மீண்டும் நிகழ்ந்தது. அந்த ஆண்டு மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல். வித்தியாசம் 3,170 ரூபாய். அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் சேரச்சேர அந்த இடைவெளி பெருகிக்கொண்டே போயிற்று. பெரிய கூட்டமைப்புகளின் கோரிக்கைப் பட்டியல்களில் இது இடம் பெறாமலில்லை. ஆனால் பட்டியலில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இடம் பெற்ற கோரிக்கை, பேச்சுவார்த்தை மேஜையில் முதலில் கைவிடப்படும் கோரிக்கையாகவும் இருக்கும் என்பதை அனுபவத்தில் கண்ட இளைய ஆசிரியர்கள், தமக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள கல்வித்துறை வளாகத்தில் அவர்கள் 2018 டிசம்பரிலும், 2022 டிசம்பரிலும், 2023 செப்டம்பர் இறுதியிலும் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருந்தார்கள். மயங்கி விழுந்தவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட காட்சிகளைத் தொலைக்காட்சியில் நாடு கண்டது. அவர்கள் பிரிந்து போனதைக் கட்டுப்பாடின்மை என்று மூத்த தலைவர்கள் சிலர் கருதக்கூடும். ஆனால் தம் வாக்குக்கும் தலைமையின் முடிவுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்று ஓர் அங்கத்தினர் உணர்ந்துவிட்டால், அவருக்கு வெளியேறுவதைத் தவிர வேறு என்ன மார்க்கம் இருக்கிறது?

இங்கே 2019 ஜனவரியை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஜாக்டோ-ஜியோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆசிரியர், அரசு ஊழியர் அமைப்புகளின் கூட்டமைப்பு, பழைய ஓய்வூதியத்தை முதன்மைக் கோரிக்கையாக வைத்து, ஜனவரி 22 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மாவட்டத் தலைநகரங்களில் மறியல், கைது, மண்டபங்களில் அடைப்பு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் அப்போது அறிவிக்கப்பட்டிருந்ததேயன்றி அமையவில்லை. ஆகவே ரிஷிவந்தியத்து ஆசிரியர்களும் விழுப்புரம் மாவட்டக் கணக்கிலேயே சேர்ந்திருந்தார்கள். மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியரை நியமிப்போம் என்றது அரசு. தற்காலிகப் பணிநீக்க ஆணைகளும், ஆசிரியர் உலகில் வெறும் எண்ணாலேயே அச்சத்தோடு குறிப்பிடப்படும் 17(பி) குற்றக் குறிப்பாணைகளும் பறந்தன. ஒன்பதாம் நாள், ஜனவரி 30 அன்று, மாணவர் நலனை முன்னிட்டுப் போராட்டம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுவதாக ஒருங்கிணைப்பாளர்கள் அறிவித்தார்கள். கோரிக்கைகளில் எதுவும் நிறைவேறியிருக்கவில்லை. குறிப்பாணை பெற்றவர்கள் அதன் விளைவுகளை இரண்டாண்டுகள் சுமந்தார்கள். 2021 பிப்ரவரியில்தான், தேர்தல் நெருங்கிய வேளையில், எடப்பாடி பழனிசாமி அரசு அந்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தது.

போராட்டத்தை நிறுத்தியது சரியா, தவறா என்பதைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். செய்முறைத் தேர்வுகள் நெருங்கிய நேரத்தில் வகுப்பறைக்குத் திரும்பியது நியாயமே என்பது எமது எண்ணம். எமது ஆக்ஷேபம் வேறு. வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன் மாவட்டந்தோறும் ஆயத்த மாநாடு கூட்டி, பிரதிநிதிகளின் சம்மதத்தைப் பலத்த கரவொலியோடு பெறுகிற அமைப்புகள், அதனை முடிப்பதற்கு மட்டும் சென்னையில் ஒரு சில மணி நேரக் கூட்டத்தைப் போதுமானதாகக் கருதுவது என்ன முறை? பேச்சுவார்த்தையில் என்ன கேட்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது, எந்த உறுதியின் பேரில் திரும்பினோம் என்பதை எழுத்தில் பெறும் உரிமை, குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வட்டாரக் கிளை அங்கத்தினருக்கு இல்லையா? ஜனவரி 30 இரவு அவர் அந்த முடிவைத் தொலைக்காட்சியின் அடிவரிச் செய்தியிலோ கைப்பேசியிலோதான் அறிந்துகொண்டார்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே, பழைய தலைமையின் மந்த நிலையைச் சகியாத ஆசிரியர்கள் 2010-ஆம் ஆண்டுச் சங்கத் தேர்தலில் கேரன் லூயிஸ் என்ற வேதியியல் ஆசிரியையைத் தலைவியாக்கினார்கள். வேலைநிறுத்தத்துக்கு அங்கத்தினரில் முக்கால் பங்கினராவது வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே நிபந்தனை விதித்திருந்தது. சுமார் 90 சதவிகிதத்தினர் சம்மதித்தார்கள். செப்டம்பர் 10 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் நகர நிர்வாகத்தோடு ஒப்பந்த வரைவு தயாராகிவிட்டது. 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப் பிரதிநிதிகளின் சபை கூடி, அந்த வரைவைத் தம் பள்ளி ஆசிரியர்கள் முழுவதும் படித்துப் பார்க்காமல் போராட்டத்தை முடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நகரசபைத் தலைவர் சீறினார், நீதிமன்றத்துக்கும் போனார். பிரதிநிதிகள் அசையவில்லை. மேலும் இரண்டு நாட்கள், பள்ளி வாசல்களில் மறியலுக்கு நின்ற ஆசிரியர்கள் அந்த ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாக வாசித்து விவாதித்தார்கள். 18-ஆம் தேதி பிரதிநிதிகள் வாக்கெடுத்து வேலைநிறுத்தத்தை முடித்தார்கள். தலைவிக்கு அதனால் கௌரவக் குறைவு ஏதும் நேர்ந்துவிடவில்லை. அவருடைய கை பலப்பட்டது.

அங்கத்தினர் கேள்வி கேட்காத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கும் உலகில் உதாரணங்கள் இருக்கின்றன. வாஷிங்டன் நகர ஆசிரியர் சங்கத்தின் தலைவியாக இருந்த பார்பரா புல்லக் என்பவர், சங்கப் பணத்தில் ஆடம்பர உடைகளும் விலையுயர்ந்த பொருள்களும் வாங்கிக் குவித்தது 2002-இல் வெளிப்பட்டபோது, காணாமற் போயிருந்த தொகை சுமார் 50 லட்சம் டாலர். ஒன்பதாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சங்கத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகத் தணிக்கையே செய்யப்படாமல் கிடந்தன. மெக்சிகோவில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்ட ஆசிரியர் சங்கத்தை எல்பா எஸ்தர் கோர்தில்லோ 1989 முதல் ஆண்டார்; ஆயுட்காலத் தலைவியாகவே அறிவிக்கப்பட்டார்; 2013-இல் சங்க நிதியைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டு, ஐந்தாண்டுகள் கழித்து வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். குற்றம் நிரூபணமாகவில்லை என்பதை மறக்கலாகாது. ஆனால் அவருக்கு எதிராக நின்ற ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த கேள்விகளுக்குச் சங்கத்துக்குள்ளேயே விடை கிடைத்திருந்தால், அந்தக் கணக்கை அரசாங்கம் தன் அரசியல் சௌகரியத்துக்குத் தக்க நேரத்தில் கையிலெடுக்கும் நிலை வந்திராது.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் துணை எவ்வளவு? 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும் அங்கத்தினர் பட்டியலையும் பார்வையிடும் உரிமையைச் சாதாரண அங்கத்தினருக்கும் அளித்தது; ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பச் சொல்லியது. ஆனால் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் ஆசிரியர் தொழிலாளரல்லர் என்று 1988-ஆம் ஆண்டு சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதனால் ஆசிரியர் அமைப்பு, தொழிலாளர் சங்கத்துக்குரிய ஆவேசத்தோடு போராடினாலும், தொழிலாளர் சங்கத்துக்குரிய பாதுகாப்பு முழுவதையும் பெறுவதில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்புகளுக்கும் நிபந்தனைகள் உண்டு: ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. ஆயினும் மூன்றாண்டு முடிந்ததும் அதே குழு போட்டியின்றித் தேர்வு பெறுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. போட்டியின்றித் தேர்வு என்பதை நம் சங்கங்கள் ஒற்றுமையின் அடையாளமாகக் கொண்டாடுகின்றன. மாற்றுப் பட்டியல் ஒன்றை முன்வைக்க முயன்றவரைத் துரோகி என்று ஒதுக்குகின்றன. அவர் வெளியேறி, பழைய பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துப் புதிய சங்கம் தொடங்குகிறார். ஒரே ஒன்றியத்தில், ஒரே வட்டாரக் கல்வி அலுவலரிடம், ஒரே கோரிக்கைக்கு நான்கைந்து சங்கங்கள் தனித்தனி மனுக் கொடுக்கும் நிலை இப்படித்தான் வந்தது. உள்ளே எதிர்க்கட்சிக்கு இடமளித்திருந்தால் வெளியே இத்தனை பலகைகள் தொங்கியிரா.

இந்தப் பிளவின் பலன் 2023 டிசம்பர் 21-ஆம் நாளிட்ட 243-ஆம் எண் அரசாணையில் தெளிவாகத் தெரிந்தது. தொடக்கக் கல்வியில் அதுவரை ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டு வந்த முன்னுரிமை, அந்த ஆணையால் மாநில அளவுக்கு மாற்றப்பட்டது. ரிஷிவந்தியம் போன்ற ஒன்றியத்தில் இருபதாண்டு பணிசெய்து, அடுத்த தலைமையாசிரியர் பணியிடம் தமக்குத்தான் என்று காத்திருந்த ஆசிரியைக்கு, பதவி உயர்வு வேண்டுமானால் குடும்பத்தை விட்டுத் தொலைதூர மாவட்டத்துக்குப் போக நேரிடுமோ என்ற அச்சம் பிறந்தது. சொந்த ஊருக்கு மாறுதலாகி வர ஆண்டுக்கணக்காக ஏங்கிய மற்றோர் ஆசிரியருக்கோ, ஒன்றிய முன்னுரிமையை இழக்காமல் வரலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இரண்டு நியாயங்களும் உண்மையானவை. டிட்டோஜாக் என்ற கூட்டு நடவடிக்கைக் குழு இவ்வாணையை எதிர்த்து 2024 ஜூலை இறுதியில் சென்னையில் மூன்று நாள் முற்றுகை நடத்தியது. ஆதரித்த சங்கங்களும் இருந்தன. ஒரே அறையில் அமர்ந்து, வட்டாரம் வட்டாரமாக அங்கத்தினரிடம் இரகசிய வாக்கெடுத்து, இந்த இரு நியாயங்களுக்கும் இடையே ஒரு சமரசத்தை ஆசிரியர்களே வகுத்து அரசின் முன் வைத்திருக்கலாம். அந்த அறை இல்லாமற் போனதுதான் துயரம்.

சங்கத்தின் வரம்புக்கு வெளியே நிற்பவர்களையும் பேச வேண்டும். ரிஷிவந்தியத்துக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில், 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் குழந்தைகள் பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையைச் சேர்ந்தவை. ஒன்றியப் பள்ளிகள் கல்வித்துறையைச் சேர்ந்தவை. ஆகவே அடுத்தடுத்த இரண்டு கிராமத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் வெவ்வேறு துறைக்கும் வெவ்வேறு சங்கத்துக்கும் உரியவர்கள். 2011-12 கல்வியாண்டில் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தமிழகமெங்கும் நியமிக்கப்பட்ட 16,549 பகுதி நேர ஆசிரியர்களுக்குப் பெரிய சங்கங்களின் கொடி நிழல் எட்டிய தூரம் மிகக் குறைவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றைப் பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. அந்தக் கேள்விகளை நீதிமன்றத்துக்கு முன்பாகவே கேட்கும் தகுதி, அந்தப் பள்ளிகளை உள்ளிருந்து அறிந்த ஆசிரியர் சங்கங்களுக்குத்தான் முதலில் இருந்தது. மலைப் பள்ளிக்கு மாறுதல் பெற்றவரைக் கீழே இறக்கிக் கொண்டுவரச் சங்கப் பொறுப்பாளர்கள் செலவிட்ட சக்தியில் ஒரு பகுதியையேனும், அங்கே விரும்பி நிலைத்திருப்பவருக்கு வீட்டு வசதியும் போக்குவரத்தும் பெற்றுத் தருவதற்குச் செலவிட்டிருந்தால், அம்மலைக் குழந்தைகளின் பெற்றோரும் சங்கத்தின் பக்கம் நின்றிருப்பார்கள்.

சங்கத் தலைவர்கள் பட்ட பாடுகளைக் குறைத்துச் சொல்வது எமது நோக்கமன்று. சிறை சென்றவர்களும், பதவி உயர்வை இழந்தவர்களும், சொந்தப் பணத்தைச் செலவிட்டு வழக்காடியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் தியாகம் செய்தவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர், ஓய்வு பெற்ற பின்னும் பொறுப்பை விடாமல், பணியிலிருப்பவரின் சார்பாக ஆண்டாண்டு காலம் முடிவெடுத்து வருவதை அவருடைய உண்மையான நண்பர்கள் ஆதரிக்க மாட்டார்கள். 17(பி) குறிப்பாணை இனி தம் வீட்டுக்கு வராது என்ற நிலையிலிருப்பவர், அது வரக்கூடியவரைப் போராட்டத்துக்கு அழைக்கும்போது, அவரிடம் இரட்டிப்பு நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமே.

அங்கத்தினருக்குக் கணக்குச் சொல்லும் கடமையை இனியும் ஒத்திப்போட இப்போது அவகாசமும் இல்லை. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி, நீதிபதிகள் தீபாங்கர் தத்தாவும் மன்மோகனும் அளித்த தீர்ப்பில், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் இல்லை. தகுதித் தேர்வு என்ற பெயரே இல்லாத காலத்தில் முறைப்படி நியமனம் பெற்று, பதினைந்து இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியர்களை இத்தீர்ப்பு நிலைகுலையச் செய்தது. சீராய்வு மனுவுக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் என்று நிதி கொடுக்கும் ஆசிரியர், தாம் கொடுத்த தொகை எந்த வழக்கில் யாருக்குச் சென்றது என்று கேட்கவும், அதற்கு வட்டாரப் பொருளாளர் எழுத்தில் விடையளிக்கவும் வேண்டும். நாற்பது வயதைக் கடந்து மீண்டும் உளவியலும் கணிதமும் படிக்க உட்காரும் ஆசிரியைக்கு மாலை நேரப் பயிற்சி வகுப்பை எந்தச் சங்கம் எந்தப் பள்ளியில் நடத்துகிறது, அதற்கு மாற்றுச் சங்கத்தாரும் வரலாமா என்பதை வட்டாரச் செயலாளர்கள் ஒன்றாக அமர்ந்து தீர்மானித்து அறிவிக்க வேண்டும். தீர்ப்பில் குறித்த இரண்டாண்டு, 2027 ஆகஸ்ட் மாதத்தோடு நிறைவடைகிறது.